இடுப்பு மூட்டு தேய்ந்த லாப்ரடார்: ஊசி போடும் முடிவை எப்போது, எப்படி எடுப்பது?

சகோதரி, உங்கள் ராக்கிக்குப் பதினொன்றரை வயது, எடை 39 கிலோ. ஆறு வயதில் எக்ஸ்ரே எடுத்தபோதே இரண்டு பக்கமும் ஹிப் டிஸ்பிளேசியா என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதமாக எழுந்திருக்கச் சிரமப்படுகிறான். கடைசிப் பத்து நாளாக நீங்களும் அப்பாவும் அடிவயிற்றில் துண்டு கொடுத்துத் தூக்கிவிடுகிறீர்கள். உங்கள் டாக்டர், "ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்" என்கிறார், அதாவது வலியில்லாமல் உயிரை முடித்துவிடலாம் என்று. அம்மா, "நம்ம கையால அந்தப் பாவம் வேணாம், அவனாப் போகட்டும்" என்கிறார். ராக்கியோ இன்னும் தட்டைக் காலி செய்கிறான், உங்களைக் கண்டால் வாலாட்டுகிறான். இப்படி இருக்கும்போது எப்படி முடிவெடுப்பது, அக்காவின் ஆறு வயது மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முப்பது வருடத்துக்கு மேலாக நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இதே முடிவை என் வீட்டு நாய்க்கும் எடுத்திருக்கிறேன், தாமதமாக. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அம்மா சொன்ன 'அவனாப் போகட்டும்'. இந்த நோயில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் கிண்ணத்தில் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். ஹிப் டிஸ்பிளேசியா உள்ள குட்டிகளுக்கு வளரும் வயதிலேயே அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. பந்து ஆடி ஆடிக் குழியின் விளிம்பை உரசுகிறது, குருத்தெலும்பு தேய்கிறது, உடம்பு அதைச் சரிசெய்வதாக நினைத்துச் சுற்றிலும் முள் முள்ளாக எலும்பை வளர்க்கிறது. வலியால் காலை ஊன்றாமல் விட விட, தொடைத் தசையும் வற்றிப்போகிறது. ஆனால் இதயம், சிறுநீரகம், வயிறு எல்லாம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். புற்றுநோயோ சிறுநீரகக் கோளாறோ உயிரை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இந்த நோய் எடுக்காது. எழுந்திருப்பதை மட்டும் எடுத்துவிட்டு நாயைத் தரையில் விட்டுவிடும். அதன் பிறகு அவனாகப் போவதென்றால் படுக்கைப் புண் வந்து, சிறுநீரில் ஊறித் தோல் வெந்து, சீழ் பிடித்து, நம் ஊர் வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைத்துப் போவதுதான். அதற்கு வாரங்கள் ஆகும். பெரிய நாய்களில் நான் பார்த்த 'இயற்கையான' முடிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. அதனால் சும்மா காத்திருப்பதும் நாம் எடுக்கும் ஒரு முடிவுதான் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், நாளைக்கே ஊசி போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் உறுத்துகிறது. இடுப்பு மூட்டுத் தேய்மானம் மெதுவாக, மாதக் கணக்கில் இறங்குகிற நோய். பத்து நாளில் ஒரு நாய் தடாலென்று விழுந்தால், கூட வேறு ஏதோ சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் என் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து எர்லிகியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறினால் மூட்டுகள் வீங்கும், நாய் எழவே மறுக்கும். வயசாகிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். ஊசி போடுவதற்காகவே என்னிடம் ஒரு கிழட்டு லாப்ரடாரைக் காரில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். ஈறு வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அடிமட்டத்தில். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஆரம்பித்த நாலாம் நாள் அவன் தானாக எழுந்து வாசலுக்குப் போனான். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தான்.

முழங்காலில் எலும்புகளைப் பிடித்து வைக்கும் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். கனமான நாய்களில் அது சாதாரணம். முதுகின் அடிப்பகுதியில் நரம்பு நசுங்கியிருக்கலாம். ஈறு திடீரென்று வெளுத்து வயிறு உப்பியிருந்தால் மண்ணீரல் கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் முடிவு மணிக்கணக்கில் எடுக்க வேண்டியது. ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்பாதம் மடங்கி அதன் மேல்பக்கம் தரையில் படுகிறது, நகம் உரசித் தேய்கிறது, ஆனால் தொட்டாலும் அழுத்தினாலும் வலியே இல்லை என்றால் அது இடுப்பாக இல்லாமல் தண்டுவடச் சிதைவாக இருக்கலாம். எஸ்ஓடி1 என்ற மரபணுவின் கோளாறோடு அதற்குத் தொடர்பு இருப்பதை 2009ல் கண்டுபிடித்தார்கள். மருந்து இன்னும் இல்லை.

ஆகவே ஒரு முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் கல்லீரல் அளவுகள், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன், முதுகையும் இடுப்பையும் சேர்த்துப் புதிய எக்ஸ்ரே. உள்ளூரில் வசதி இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குப் போகலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் இருக்கின்றன. எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். படத்தில் மூட்டு பயங்கரமாக இருக்கும் நாய் ஓடிக்கொண்டிருக்கும், சுமாராக இருக்கும் நாய் படுத்துக் கிடக்கும். படம் மூட்டின் நிலையைத்தான் காட்டும், வலியின் அளவைக் காட்டாது.

இதெல்லாம் பார்த்து, இடுப்புதான் என்று உறுதியானால், முறையான வலி வைத்தியத்தை இரண்டு வாரம் செய்து பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறைய நாய்களுக்கு அது நடப்பதே இல்லை. கால்சியம் மாத்திரையும் ஜாயின்ட் பவுடரும் கொடுத்துவிட்டு "எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு" என்பார்கள். கார்புரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் போன்ற நாய்க்கான வலி மருந்துகளில் ஒன்று, அதோடு நரம்பு வலிக்குக் கேபாபென்டின், தேவைப்பட்டால் அமன்டடின் என்று சேர்த்துக் கொடுக்கும்போது, இனி எழமாட்டான் என்று நினைத்த நாய் மூன்று மாதம், ஆறு மாதம் நன்றாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அளவை உங்கள் டாக்டர் சொல்லட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்த வலி மருந்துகளோடு ஸ்டீராய்டு சேரக் கூடாது. வயிற்றில் புண் விழுந்து ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுத்தால் உடனே மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டாவது, வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைத் தொடவே கூடாது. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். டைக்ளோஃபெனாக் கொடுத்த மாட்டின் பிணத்தைத் தின்றுதான் நம் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைகளுக்கு அதை 2006ல் தடை செய்தார்கள்.

மருந்தைப் போலவே முக்கியம் தரை. நம் வீடுகளில் இப்போது வழுவழுவென்று டைல்ஸ். இடுப்புப் போன நாய்க்கு அது எண்ணெய் கொட்டிய தரை மாதிரி. ஒருமுறை கால் அகன்று வழுக்கி விழுந்தால், அந்தப் பயத்திலேயே அடுத்த முறை எழ முயற்சி பண்ண மாட்டான். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, ரப்பர் பாயோ தேங்காய் நார் மிதியடியோ இடைவெளி இல்லாமல் போடுங்கள். பாத விரல்களுக்கு இடையில் வளர்ந்த முடியைக் கத்தரித்து, நகத்தை வெட்டிவிடுங்கள். இதை மட்டும் செய்து அதே மாலை நாய் தானாக எழுந்த வீடுகள் உண்டு. ஆண் நாய்க்கு அடிவயிற்றில் துண்டு கொடுத்தால் குறி அழுந்திச் சிறுநீர் போகவே முடியாது. துண்டைப் பின்னால் தள்ளி இரண்டு தொடைகளுக்கும் உள்பக்கமாகக் கொடுத்துத் தூக்குங்கள், அல்லது பின்பக்கத்தைத் தாங்கும் பெல்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் முதுகும் தப்பிக்கும். படுக்கைக்கு நாலு அங்குல ஃபோம், மேலே ரெக்சின், அதன் மேல் தினமும் மாற்றும் பருத்தித் துணி. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும், இரவிலும். இடுப்பெலும்பு, முழங்கை, தோள்பட்டை இந்த மூன்று இடத்தையும் முடியை விலக்கித் தினமும் பாருங்கள்.

39 கிலோ என்பது லாப்ரடாருக்கு அதிகம். ராக்கிக்கு இனி அதைப் பற்றிப் பெரிதாகச் செய்ய முடியாது, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கறியைக் கூட்டுங்கள், போதும். இளவயது லாப்ரடார் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்து, 2002ல் முடிவை வெளியிட்டார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றைவிட இன்னொன்றுக்கு 25 சதவீதம் குறைவான உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்புத் தேய்மானமும் அவற்றுக்குக் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "இன்னும் சாப்பிடுகிறானே" என்பதுதான் உங்களைத் தடுக்கிறது. லாப்ரடார் விஷயத்தில் அந்த அளவுகோலை நம்பாதீர்கள். இந்த இனத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு நாய்க்குப் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது, அதனால் பசி அடங்குவதில்லை என்று 2016ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். தாங்க முடியாத வலியிலும் பிஸ்கட்டை வாங்கித் தின்ற லாப்ரடார்கள் எனக்குத் தெரியும். வாலாட்டுவது உங்களை அவனுக்குப் பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. வலி இல்லை என்று அது சொல்லவில்லை.

வலியை வேறு இடங்களில் தேடுங்கள். வெயில் இல்லாத நேரத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சிரைக்கிறானா? படுத்த பக்கத்திலிருந்து புரள முடியாமல் தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறானா? இடுப்பையோ முன்னங்காலையோ விடாமல் நக்குகிறானா? தூக்கப் போகும்போது உங்கள் கையை வாயால் கவ்வுகிறானா, இதுவரை உறுமாதவன் உறுமுகிறானா? தன் மூத்திரத்திலேயே படுத்திருக்க நேர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா? வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்யாமல் வளர்ந்த நாய்க்கு அது வலியைவிடப் பெரிய துன்பம் என்று நான் நினைக்கிறேன். அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004ல் ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்தார். வலி, பசி, தண்ணீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து. நிலைமை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும்; வலிக்கும் அப்படித்தான், வலி கட்டுக்குள் இருந்தால் பத்து. கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் எண்ணுக்கும் அம்மாவின் எண்ணுக்கும் எங்கே வித்தியாசம் வருகிறதோ, பேச வேண்டியது அங்கேதான். சுவர்க் காலண்டரில் தினமும் இரவு ஒரு குறி போடுங்கள்: நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல். தினமும் கூடவே இருக்கும் கண்ணுக்குச் சரிவு தெரியாது, தாளில் தெரிந்துவிடும். எல்லையையும் இப்போதே, அழுகை வராத ஒரு நேரத்தில், எழுதி வைத்துவிடுங்கள். வலி மருந்து முழு அளவில் போயும் ஒரு வாரத்தில் நாலு பெருக்கல் குறி விழுந்தால், அல்லது முதல் படுக்கைப் புண் திறந்தால், டாக்டருக்குப் போன் செய்வது. என் வைத்தியத்தில் நான் பிடித்துக்கொள்ளும் எல்லை அதுதான்.

என் வீட்டில் அந்த எல்லையை நான் எழுதி வைக்கவில்லை. பன்னிரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்ட், பெண், ஜூலி. வெளியூரில் படித்துக்கொண்டிருந்த என் மகன் லீவில் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். அவனுக்குப் பரீட்சை தள்ளிப்போனது. ஒன்பது நாள். எட்டாம் நாள் காலையில் அவளைப் புரட்டியபோது இடுப்புக்கு அடியில் புழு. ஒரு கால்நடை மருத்துவரின் வீட்டில், தினமும் துடைத்துப் பவுடர் போட்ட நாய்க்கு. மகன் வந்த அன்றே ஊசி போட்டேன். அந்த ஊசிக்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை. அந்த ஒன்பது நாள் இன்னும் என் கூடவே இருக்கிறது.

அம்மா சொல்லும் பாவத்தை நீங்கள் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் சொல்வது பயமும் பாசமும் கலந்த சொல். இரண்டு ராத்திரி அம்மாவும் ராக்கி பக்கத்தில் படுக்கட்டும். அவரே பார்த்து ஒரு முடிவுக்கு வரட்டும். அப்போதும் வேண்டாம் என்றால், உயிரை எடுப்பதில்லை என்று உறுதியாக இருந்த குடும்பங்களுக்கும் நான் கடைசிவரை வைத்தியம் பார்த்திருக்கிறேன். நாலு பேர் முறை வைத்து, இரவும் பகலும் புரட்டி, குளிப்பாட்டி, வலி மருந்தை ஒருவேளை தவறாமல் கொடுத்து ஒரு நாயை அனுப்பி வைத்தார்கள். அவர்களை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஊசியும் வேண்டாம், பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை என்று மாடியிலோ கார் ஷெட்டிலோ படுக்கப் போட்டுவிடுவதைத்தான் தவறென்பேன். எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது அதைவிட மோசம்.

முடிவு எடுத்தபின் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "முதல்ல மயக்க ஊசி போடுவீங்களா?" ஆமாம் என்று பதில் வர வேண்டும். தசையில் ஒரு மயக்க ஊசி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவன் நன்றாகத் தூங்கிவிடுவான். பிறகு முன்னங்கால் ரத்தக்குழாயில் கேனுலா என்ற மெல்லிய குழாயைப் போட்டு, தயோபென்டோன் அல்லது பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார்கள். முதலில் மூச்சு நிற்கும், அடுத்து இதயம். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்வார். கண் மூடாது. நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம், சிறுநீர் வரலாம். அவை அவனுக்குத் தெரியாமல் நடப்பவை. முழு மயக்கத்தில் இல்லாத நாய்க்குப் பொட்டாசியம் குளோரைடையோ மெக்னீசியம் சல்பேட்டையோ ஏற்றுவதாக யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள், அது கொடுமை. இதயத்தில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷ ஊசி குத்திக் கொல்வதை 1960ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. முடிந்தால் டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவன் படுக்கும் பாயிலேயே, உங்கள் மடியில் தலை இருக்கட்டும். அன்று காலை அவனுக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொடுங்கள். மயக்க ஊசிக்கு வாந்தி வரலாம் என்பதால் வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம். அருகில் இருக்க முடியாதவர்கள் வெளியே நிற்கலாம், அதில் குற்றம் எதுவும் இல்லை.

புதைப்பதாக இருந்தால் குறைந்தது நாலடி ஆழம், கிணறு போர்வெல்லுக்குத் தள்ளி. அந்த மருந்து உடம்பில் தங்கியிருக்கும். தெருநாயோ காக்கையோ தோண்டித் தின்றால் அவையும் சாகும். வீட்டில் இடம் இல்லையென்றால் தகனத்துக்கு எங்கே வசதி இருக்கிறது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்றைக்கு அதையெல்லாம் விசாரிக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அக்கா மகளிடம் "ராக்கியைத் தூங்க வச்சிட்டோம்" என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரி அவள் தூங்கப் பயப்படுவாள். ஊருக்குப் போயிருக்கிறான் என்றும் வேண்டாம், வாசலில் காத்துக்கொண்டிருப்பாள். அவன் கால் ரொம்ப வலித்தது, மருந்தால் சரியாகவில்லை, வலிக்காமல் சாக டாக்டர் உதவினார், இனி வர மாட்டான் என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுங்கள். முந்தின நாள் அவனுக்கு ஒரு பிஸ்கட் ஊட்டிவிட அவளைக் கூப்பிடுங்கள்.